தேர் நடையில் ஒரு பாட்டு

அப்பா சாதகம் செய்வது ஒரு கட்டை சுருதியில். மந்தைவெளியில் எங்கள் வீட்டு ஹாலில் காலை ஆறு மணிக்கெல்லாம் சுருதிப் பெட்டி ஓட ஆரம்பித்துவிடும். ஒருநாள் அவர் பெட்டியை அணைக்காமல் பால் வாங்கக் கீழே போய்விட்டார். நான் உள்ளறையில் டோப்ஸ்மோக்கர் ஆல்பத்தைப் போட்டேன். கிடாரின் அடிக்கம்பி முழங்கிய அந்த நொடியிலேயே இரண்டு ஒலியும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டன. ஹாலுக்கு வந்து பெட்டியின் நுண்சுருதிக் குமிழை மயிரிழை திருப்பினேன். அதன் பிறகு எது பெட்டி, எது கிடார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இதில் மாயம் ஒன்றும் கிடையாது. சாதாரணமாகக் கிடாரின் தடித்த கம்பி ‘ஈ’ சுரத்தில் இருக்கும். இந்த ஆல்பத்தில் எல்லாக் கம்பிகளையும் நாலு அரைச்சுரம் தளர்த்தி, அடிக்கம்பியை ‘சி’க்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சி என்றால் நம் கணக்கில் ஒரு கட்டை. அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அந்த இரண்டும் சேர்ந்து ஒலித்ததைக் கேட்டதிலிருந்து, டூம் மெட்டல் என்ற மெதுவான, கனமான ராக் இசையை நான் வேறு காதால் கேட்கத் தொடங்கினேன். அந்தக் காது நமக்கெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது என்றும் நம்புகிறேன்.

முதலில் ஆல்பத்தைப் பற்றி. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தைச் சேர்ந்த ஸ்லீப் என்ற மூவர் குழு. பேஸ் கிடார் வாசித்துக்கொண்டே பாடுபவர் அல் சிஸ்னெரோஸ், கிடார் மாட் பைக், டிரம்ஸ் கிறிஸ் ஹாக்கியஸ். ஆரம்பத்தில் நால்வராக இருந்தார்கள். முதல் ஆல்பத்துக்குப் பிறகு இன்னொரு கிடாரிஸ்ட் மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட்டார். மூவரும் 1990களின் நடுவில் லண்டன் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் பணத்தில் 1996இல் அவர்கள் பதிவு செய்துகொண்டு வந்தது ஒரே ஒரு பாட்டு. நீளம் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

நிறுவனம் அதை வெளியிடவில்லை. வேறு ஒருவரை வைத்துக் கலவையை மாற்றிப் பார்த்தார்கள்; அப்போதும் மனம் வரவில்லை. இழுபறியில் குழுவே உடைந்தது. 1999இல் ஜெருசலேம் என்ற பெயரில், 52 நிமிடமாகக் குறைத்து, ஆறு துண்டுகளாகப் பிரித்து ஒரு பதிப்பு வந்தது. 2003இல்தான் டோப்ஸ்மோக்கர் என்ற பெயரோடு 63 நிமிடமும் முழுதாக வந்தது. பதிவு செய்து ஏழு வருஷம் கழித்து, குழுவே இல்லாத காலத்தில்.

பதிவான விதத்தையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நாடாச் சுருள். ஒரு சுருளில் இருபது நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். அதனால் பாட்டை மூன்று பகுதியாக வாசித்துப் பிறகு ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தில் வேகமோ கனமோ மாறினால் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மணி நேரப் பாட்டை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, நிறுத்திய இடத்தில் அதே நடையோடு திரும்ப எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று, பல்லவியை மூன்று காலத்தில் பாடிப் பழகியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

சரி, இந்த இசை எங்கிருந்து வந்தது? டூம் மெட்டலின் ஊற்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். பிளாக் சாபத் குழுவின் டோனி ஐயோமி பதினேழு வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலையின் கடைசி நாளில், வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அவர் இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய கம்பிகளைப் போட்டார். பிறகு வந்த ஆல்பங்களில் கம்பிகளைத் தளர்த்தவும் செய்தார். 1971இல் வெளியான மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டியில் பல பாட்டுகள் மூன்று அரைச்சுரம் கீழே இறங்கியிருக்கும். விரல் வலிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு, ஒலிக்குப் புதிதாக ஒரு கனத்தைக் கொடுத்தது. இன்றுவரை டூம் குழுக்கள் கம்பியைத் தளர்த்துவதற்கு வேர் அந்தக் காயம்தான்.

அதே குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது. அதன் முதல் பாட்டின் முக்கிய ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கில், மூன்றே சுரம். கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அப்புறம் ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே நெருடலாக நிற்கும் அந்த ஒன்று. ஐரோப்பிய இசையில் இந்த இடைவெளிக்குச் சாத்தானின் பெயரே உண்டு. நமக்கோ அது பிரதி மத்யமம். 72 மேளகர்த்தாக்களில் பாதி அதன் மேல்தான் நிற்கின்றன. 65ஆவதான கல்யாணியின் அழகே அந்த மத்யமம்தான். சபாக்களில் தினமும் யாராவது அதைப் பாடிக்கொண்டிருப்பார்கள், கல்யாண வீட்டில் நாதஸ்வரத்திலும் வரும். ஒரே சுரம், அங்கே அச்சம், இங்கே மங்கலம்.

வித்தியாசம் சுரத்தில் இல்லை, அதைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. கல்யாணியில் மத்யமம் பஞ்சமத்தின் பக்கம் சாய்கிறது, போய்ச் சேருகிறது, அல்லது சேரப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காந்தாரத்துக்குத் திரும்புகிறது. ஐயோமி அதை எங்கேயும் சேர விடவில்லை. அந்த இடத்திலேயே விரலை அசைத்து அசைத்து நிறுத்தி, மறுபடி அடித்தளத்துக்கு விழ வைக்கிறார். படியில் கால் வைக்கப் போய்ப் படி இல்லாமல் போகும் உணர்வு அது. டூம் மெட்டலின் பயம் முழுவதும் அந்த வராத பஞ்சமத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் டோப்ஸ்மோக்கர் பயமுறுத்தும் ஆல்பம் இல்லை. இதில் பஞ்சமம் தாராளமாக இருக்கிறது. மெட்டல் கிடாரில் ‘பவர் கார்டு’ என்று சொல்வது ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து மீட்டுவதைத்தான். காந்தாரம் கிடையாது, எனவே அது மேஜரும் இல்லை மைனரும் இல்லை. தம்பூராவும் அப்படித்தானே, ப, ச, ச, கீழ் ச.

இங்கே கொஞ்சம் கணக்கு. தளர்த்திய அடிக்கம்பி நொடிக்குச் சுமார் 65 முறை அதிர்கிறது. அதன் பஞ்சமம் சுமார் 98. இந்த இரண்டையும் டிஸ்டார்ஷன் போட்ட, அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும், ஆம்ப்ளிபயருக்குள் ஒன்றாக அனுப்பினால், அது இரண்டையும் தனித்தனியாக வெளியே விடாது. ஒன்றோடு ஒன்று மோத வைத்து, இரண்டின் வித்தியாசத்தையும் ஒலியாக்கும். 98இல் 65 போனால் 33. அது 65இல் ஏறக்குறைய பாதி, அதாவது கீழ் ஸ்தாயி ஷட்ஜம். யாரும் மீட்டாத ஒரு ஷட்ஜம் ஆம்ப்பிலிருந்து வருகிறது. கிடார் தன் உருவத்தைவிடப் பெரிய வாத்தியமாகக் கேட்பதற்கு இதுவே காரணம். பேஸ் கிடாரும் அதே ஆழத்தில் சேர்ந்துகொள்ளும்போது தரை அதிர்கிறது.

மேலேயும் இதே கதைதான். தம்பூராவில் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சின்ன நூலைச் செருகுவார்கள். நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஓர் இடத்தில் நிறுத்தினால் கம்பி திடீரென்று ‘ஜீவன்’ பெற்று ரீங்கரிக்கும். கம்பி குதிரையில் பட்டும் படாமலும் உரசுவதால் மேல்சுரங்கள் கிளம்புகின்றன. நன்றாகச் சேர்ந்த தம்பூராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகவே கேட்கும். ஸ்வயம்பு காந்தாரம் என்று அதற்குப் பெயர். கிடார் ஒலியைச் சிதைக்கும் ஃபஸ் பெடல் செய்வதும் ஒருவகையில் நூல் செருகுவதுதான், மின்சாரத்தில். அலையின் முனையை மழித்துச் சதுரமாக்கும்போது மேல்சுரங்கள் குவிகின்றன. அன்றைக்கு ஹாலில் பெட்டியும் கிடாரும் ஒட்டிக்கொண்டதற்குச் சுருதி மட்டும் காரணம் இல்லை. இரண்டும் ஒரே மாதிரி ரீங்கரிக்கப் பார்க்கின்றன.

இந்த மாதிரி இசையைச் சைக்கடெலிக் என்றும் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்கு இங்கேதான் அர்த்தம் கிடைக்கிறது. பொதுவாக அந்தச் சொல்லைக் கேட்டதும் சுழலும் வண்ணங்களும் போதையும் நினைவுக்கு வரும். இசையில் அதன் வேலை எளிமையானது. சுரங்களை நகர்த்துவதைக் குறைத்துவிட்டு, ஒரே ஒலியின் உள்ளே கேட்பவரை உட்கார வைப்பது. மேற்கத்திய ராக் இசை அதைக் கற்றுக்கொண்டதில் நம் வாத்தியத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. 1966இல் வந்த பீட்டில்ஸின் ரிவால்வர் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஏறக்குறைய முழுக்க ஒரே ஆதாரத்தில் நிற்கிறது; அடியில் ஓடுவது தம்பூரா. அந்த ஆதாரமும் சிதான். அங்கிருந்து நீளமான கிடார் பயணங்கள், நாடா எக்கோ, வா-வா பெடல் என்று வளர்ந்த மரபு ஒரு பக்கம். பர்மிங்ஹாமின் கனம் இன்னொரு பக்கம். இரண்டும் கைகோத்த இடத்தில் ஸ்லீப் நிற்கிறது.

திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டால் காது என்ன செய்யும் என்று பலருக்கும் தெரியும். சின்ன வயதில் ஏதாவது ஒரு வார்த்தையை நூறு தடவை சொல்லிப் பார்த்திருப்போம். ஒரு கட்டத்தில் அர்த்தம் உதிர்ந்துவிடும், வெறும் சத்தம் மிஞ்சும், அந்தச் சத்தம் புதிதாக இருக்கும். டயானா டாய்ச் என்ற இசை உளவியலாளர், சாதாரணமாகப் பேசிய ஒரு சொற்றொடரை மறுபடி மறுபடி ஒலிக்க விட்டால் அது பாட்டாகக் கேட்கத் தொடங்குவதைக் காட்டினார். டோப்ஸ்மோக்கரில் இதே வேலை பெரிய அளவில் நடக்கிறது. முதல் ஐந்து நிமிடம் ரிஃப்பைக் கேட்கிறோம். அதற்குப் பிறகு ரிஃப் பின்னால் போய், கம்பி தேயும் ஓசை, சிம்பல் அடங்கும் நேரம், கிடாருக்கும் பேஸுக்கும் நடுவே அலையும் அந்த மெல்லிய துடிப்பு எல்லாம் முன்னால் வருகின்றன. எட்டு நிமிடத்துக்கு மேல் ஆன பிறகுதான் குரலே வரும். வரும்போது அது பாட்டாக வராது, ஓதுவதுபோல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு வரும்.

வரிகளைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். பெயரிலேயே கஞ்சா இருக்கிறது. வரிகளும் அதையே ஒரு மதமாக்கி, அதன் அடியார்கள் பாலைவனத்தில் வரிசையாக நடந்து புண்ணிய பூமிக்குப் போவதாகச் சொல்கின்றன. 2012ஆம் ஆண்டு மறுபதிப்பின் அட்டையில் அந்தக் கூட்டம் நடந்து போவதை ஏரிக் ரோப்பர் வரைந்திருக்கிறார். இந்த ஆல்பத்தைப் போதையோடுதான் கேட்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அது இசையைக் குறைத்து மதிப்பது என்பது என் உறுதியான எண்ணம். நேரத்தை இழுக்கும் சக்தி அந்த 65க்கும் 98க்கும் நடுவில் இருக்கிறது; கேட்பவர் வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களைக் கேளுங்கள். மூன்றாம் நாளில் கால் தானாக நடக்கும், எண்ணம் நின்றுவிடும், பக்கத்தில் போகிறவரின் அரோகரா மட்டும் கேட்கும் என்பார்கள். நடையே அதைச் செய்கிறது.

நடை என்றதும் வேகத்துக்கு வருகிறேன். இந்த இசையைக் கேட்கும் பலர் முதலில் சொல்லும் குறை, “ஏன் இவ்வளவு மெதுவா இருக்கு?” என்பதுதான். திராஷ் மெட்டல் நிமிடத்துக்கு 200 தாள அடி ஓடும். டூம் 60, 70. சில குழுக்கள் இன்னும் கீழே. ஆங்கிலேயர்களுக்கு இந்த மெதுநடை சவ ஊர்வலத்தை நினைவுபடுத்துகிறது, அதனால்தான் டூம் என்ற பெயரும் அவர்களுக்குப் பொருந்துகிறது. சென்னையில் அந்தத் தொடர்பு ஒட்டாது. நம் ஊரில் சாவு மேளம் வேகமானது. அடி விழ விழ ஆட்கள் ஆடுவார்கள், பூ பறக்கும், பட்டாசு வெடிக்கும். இங்கே துக்கத்தின் தாளம் ஓடுகிறது. மெதுவாகப் போவது சாமி.

பங்குனியில் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் தேரை ஒருமுறையாவது மாடவீதியில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வடத்தைப் பிடித்தவர்கள் எல்லோரும் பின்னால் சாய்ந்து இழுக்கிறார்கள். ஒன்றும் நகராது. கயிறு முறுக்கேறும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த இரண்டு மூன்று நொடியில் தெருவே மூச்சைப் பிடிக்கும். அப்புறம் மரம் எங்கோ உள்ளே முனகும், அச்சு ஒரு தடவை கிறீச்சிடும், சக்கரம் முட்டுக்கட்டையை நசுக்கிக்கொண்டு ஒரு முழம் உருளும். கட்டை போடுகிறவர் குனிந்து அடுத்த கட்டையைத் தள்ளுவார். மறுபடி நிற்கும். தேரின் கனம் நமக்குக் கண்ணால் தெரிவதில்லை, நகர்வதற்கு முன்னால் வரும் அந்த இடைவெளியில்தான் தெரிகிறது.

ஹாக்கியஸின் டிரம்ஸ் அப்படி. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கிடார் ஒலி தேய்ந்து கீழே இறங்கும் வரை காத்திருக்கிறார். சீக்கிரம் அடித்துவிட்டால் கனம் போய்விடும். ரொம்பத் தாமதித்தால் நடை அறுந்துவிடும். வேகமாக வாசிப்பதைவிட இது கடினம். கையைச் சும்மா வைத்திருக்கும் நேரத்தில் காலப்பிரமாணம் கலையாமல் இருக்க வேண்டும். விளம்ப காலத்தில் பாடுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்த மரபும், அவர் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாடிய, பதங்கள் என்ற மெதுநடைப் பாட்டுகளும் இந்த நகரத்தின் மெதுநடைச் செல்வம். அதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். பதத்தில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே உள்ள இடத்தைக் கமகம் நிரப்புகிறது. பாடுபவரின் கட்டுப்பாடு ஒரு கணமும் விலகாது. டூமில் அந்த இடம் கம்பிக்கும் ஆம்ப்புக்கும் விடப்படுகிறது. மனிதர் மீட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். என் அளவில் இரண்டும் பெரிய கலை, இரண்டுக்கும் பொறுமை ஒன்று.

சென்னையில் மெட்டல் என்றால் முன்பு பலருக்கும் ஐ.ஐ.டி. சாரங் விழாதான், 2009இல் ஸ்வீடனின் ஓபெத் குழு அங்கே வந்து வாசித்தது. டூமுக்கு என்று பார்த்தால் பக்கத்தில் பெங்களூரில் பெவர் சீ, ஜின் அண்ட் மிஸ்கடானிக் போன்ற குழுக்கள் உண்டு. இங்கே நம்மில் பெரும்பாலோருக்கு இது அறைக்குள் கேட்கும் இசை.

அந்த அறை ஒரு பிரச்சினை. நம் சென்னை வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 65 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலைக்கு நீளம் ஐந்து மீட்டருக்கு மேல். அந்த 33க்குப் பத்து மீட்டரைத் தாண்டும். நம் படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அலை முழுதாக நிற்கவே இடம் இல்லை. சுவரில் மோதித் திரும்பி, மூலையில் குவிந்து, நடு அறையில் காணாமல் போகும். கட்டிலில் உட்கார்ந்து கேட்டால் சப்பென்று இருப்பது, பீரோ ஓரமாகப் போய் நின்றால் நெஞ்சில் இடிக்கும். சுவர் தாண்டி மற்றவர் வீட்டுக்குப் போவதும் இந்த ஆழ ஒலிதான். குரலும் சிம்பலும் நம்மோடு நின்றுவிடும். அவர்களுக்கு வெறும் இடி மட்டும் போகும். கீழ் வீட்டு மாமி ஒருநாள் மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டார். அவர் கேட்டது நியாயம்.

போன் ஸ்பீக்கரில் கேட்பது இன்னும் மோசம். அந்தச் சின்னத் தகட்டிலிருந்து இந்த ஆழம் வெளியே வராது. மேல்சுரங்களை வைத்து அடி ஷட்ஜத்தை மூளையே ஊகித்துக்கொள்ளும், அதனால் பாட்டு அடையாளம் தெரியும், உடம்பில் மட்டும் படாது. காதை நன்றாக மூடும் ஹெட்போன் இருந்தால் போதும். இல்லாவிட்டால் மூலையோரமாக ஒரு நாற்காலி, மிதமான சத்தம், மதிய நேரம். ஒரே மூச்சில் 63 நிமிடமும். துண்டு துண்டாகக் கேட்டால் இந்த ஆல்பத்தில் ஒன்றும் கிடைக்காது, தேரைப் பாதி வீதியில் விட்டுவிட்டு வந்த மாதிரி.

குழு உடைந்த பிறகு மாட் பைக் ஹை ஆன் ஃபயர் என்ற வேகமான குழுவைத் தொடங்கினார். 2019இல் அதற்கு கிராமி விருதும் வந்தது. 2009இல் ஸ்லீப் மறுபடி சேர்ந்தது, 2018இல் புது ஆல்பமும் வந்தது. எனக்கு அதிகம் பிடித்தது சிஸ்னெரோஸ் போன வழி. அவர் ஹாக்கியஸோடு சேர்ந்து தொடங்கிய குழுவின் பெயர் ஓம். கிடாரே கிடையாது, பேஸும் டிரம்ஸும் ஓதும் குரலும். பிறகு வந்த ஆல்பங்களில் தம்பூராவும் சேர்ந்தது, தபேலாவும் செல்லோவும் சேர்ந்தன. 2012இல் வந்த அத்வைதிக் சாங்ஸ் ஆல்பத்தின் முதல் பாட்டு, ஒரு பெண் குரல் மகா மிருத்யுஞ்சய மந்திரத்தைச் சொல்வதோடு தொடங்கும்.

போன மாதம் அதை ஹாலில் போட்டேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மந்திரம் ஆரம்பித்ததும் பேப்பரைத் தாழ்த்தினார்.

“யாருடா இது, நம்மூர்ப் பொண்ணா?”

“இல்லப்பா, அமெரிக்கா.”

பேஸ் உள்ளே நுழைந்தது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கை மட்டும் தொடையில் தாளம் தேடியது.

“அடியில ஓடுறது நல்லாருக்கு. என்ன கட்டை?”

எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அவர் எழுந்து போய்ச் சுருதிப் பெட்டியைப் போட்டு, குமிழைத் திருப்பித் தேட ஆரம்பித்தார்.